கர்ப்பிணிக்கு யோகா சொல்லித் தர எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும்?

85 மணி நேரம். யோகா அலையன்ஸ் என்ற அமெரிக்க அமைப்பு போட்டிருக்கும் கணக்கு இது. ஏற்கனவே 200 மணி நேர யோகா ஆசிரியர் பயிற்சி முடித்த ஒருவர், அதற்கு மேல் 85 மணி நேரம் கர்ப்பகால யோகா படித்து, 30 மணி நேரம் வகுப்பும் எடுத்திருந்தால் "பதிவு பெற்ற கர்ப்பகால யோகா ஆசிரியர்" என்று போட்டுக் கொள்ளலாம். இது எந்த அரசாங்கமும் போட்ட சட்டம் இல்லை. ஒரு தனியார் சங்கத்தின் விதி, அவ்வளவுதான். ஆனால் ரிஷிகேஷிலிருந்து லண்டன் வரை பயிற்சிப் பள்ளிகள் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது இந்த எண்ணைத்தான்.

ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் பதினோரு நாள் பாடம். அந்தப் பதினோரு நாளில் சொல்லித் தருவது எல்லாம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் ஒரு வேடிக்கையான உண்மை தெரியும். அதில் பெரும்பகுதி பழைய யோக நூல்களிலிருந்து வந்ததே இல்லை. பிரசவ ஆஸ்பத்திரிகளிலிருந்தும், அந்த ஆஸ்பத்திரிகளோடு சண்டை போட்ட பெண்களிடமிருந்தும் வந்தது!

முதலில் நம்ம ஊர்ப் பக்கம் பார்த்துவிடலாம். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் ஹட யோக பிரதீபிகை போன்ற நூல்கள் துறவிகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பிரம்மச்சரியம் பேசும் நூலில் பிரசவத்துக்கு என்ன வேலை? கர்ப்பிணிக்கான பாடம் என்று தனியாக அதில் ஒன்றும் கிடையாது. "ஐயாயிரம் வருடப் பழமையான கர்ப்பகால யோகா" என்று யாராவது நோட்டீஸ் அடித்தால் கொஞ்சம் தள்ளி நின்று படிப்பது நல்லது.

இதற்கு மாறாகக் காட்டப்படுவது யோக ரகஸ்யம் என்ற ஒரு நூல். அதன் கதை தமிழ்நாட்டில்தான் தொடங்குகிறது. மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்தி, 1950களில் சென்னைக்கு வந்து குடியேறிய திருமலை கிருஷ்ணமாச்சாரியார், தன் பதினாறாவது வயதில் ஆழ்வார்திருநகரிக்குப் போனதாகவும், அங்கே மயக்க நிலையில் நாதமுனிகளே இந்த நூலைத் தனக்கு ஓதியதாகவும் சொன்னார். திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்தவராகக் கருதப்படும் அதே நாதமுனிகள்தான். பெண்களுக்கு யோகத்தில் தனி உரிமை உண்டு என்று பேசும் இந்த நூல் கர்ப்பிணிகளையும் விட்டுவிடவில்லை. அவர் மகன் தேசிகாச்சார் 1998இல் இதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இது நாதமுனிகள் எழுதிய பழைய நூல்தானா, இல்லை கிருஷ்ணமாச்சாரியாரின் சொந்த அனுபவமே சுலோகமாக வந்ததா என்று ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டாவதுதான் என்றாலும் அதில் குறைவு ஒன்றும் இல்லை. தன் மனைவிக்கும் பெண் குழந்தைகளுக்கும் வீட்டிலேயே ஆசனம் கற்றுக் கொடுத்தவர் அவர்.

இத்தனைக்கும் வெளியிலிருந்து ஒரு பெண் வந்து கேட்டபோது அவர் முதலில் மறுத்துவிட்டார். ரிகா நகரில் பிறந்த யூஜெனி பீட்டர்சன், பின்னாளில் இந்திரா தேவி என்று உலகம் அறிந்தவர், 1937இல் மைசூர் வந்து சேர்த்துக் கொள்ளும்படி கேட்டார். மகாராஜா தலையிட்ட பிறகுதான் இடம் கிடைத்தது. பிறகு அதே குரு, போய்ப் பிறருக்குச் சொல்லிக் கொடு என்று அவரை அனுப்பியதும் நடந்தது. 1947இல் ஹாலிவுட்டில் அவர் ஸ்டூடியோ திறந்தார். இதற்கு முன்பே பம்பாயில் யோகேந்திராவின் மனைவி சீதா தேவி, 1934இல் பெண்களுக்கான யோக உடற்பயிற்சி பற்றி ஒரு புத்தகம் எழுதிவிட்டார். ஆக, 1930களில் பெண்கள் யோகாவுக்குள் வந்துவிட்டார்கள். ஆனால் "கர்ப்பிணிக்குச் சொல்லித் தருபவர்" என்று தனியாக ஒரு ஆசிரியர் இன்னும் பிறக்கவில்லை. அந்த ஆள் பிறந்தது ஐரோப்பாவில்.

அங்கே அப்போது பிரசவம் எப்படி இருந்தது? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் மார்ஃபினும் ஸ்கோபாலமினும் கலந்து ஊசி போட்டு, தாய்க்கு எதுவுமே ஞாபகம் இல்லாதபடி பிரசவம் பார்க்கும் முறை வந்தது. "அந்தி உறக்கம்" என்று அதற்கு அழகான பெயர். வலி முழுசாகப் போகாது, வலித்தது என்ற நினைவுதான் போகும். மருந்து மயக்கத்தில் பெண்கள் திமிறினால் கட்டிலோடு கட்டிப் போடுவார்கள். ஆரம்பத்தில் இந்த ஊசி வேண்டும் என்று அமெரிக்கப் பெண்களே சங்கம் வைத்துப் போராடினார்கள் என்பது தனிக்கதை. வலியே இல்லாமல் குழந்தை என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? சில பத்தாண்டுகள் கழித்து, 1958இல், பிரசவ வார்டுகளில் நடக்கும் கொடுமைகளைப் பற்றி ஒரு அமெரிக்கப் பெண்கள் பத்திரிகை எழுதியபோது வாசகிகளின் கடிதங்கள் வந்து குவிந்தன.

இதற்கு நேர் எதிராகப் பேசியவர் கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய டாக்டர். லண்டனின் ஏழைப் பகுதி ஒன்றில் ஒரு பெண் குளோரோஃபார்ம் வேண்டாம் என்று மறுத்துவிட்டு அமைதியாகப் பிள்ளை பெற்றதைப் பார்த்ததுதான் தன் கண்ணைத் திறந்தது என்று அவர் எழுதினார். பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலிக்கும், வலித்தால் இன்னும் பயம் வரும்... 1933இல் வந்த அவரது புத்தகத்தின் சாரம் இவ்வளவுதான். இந்தச் சங்கிலியை வெட்ட இரண்டு வழி சொன்னார். ஒன்று, பிரசவம் எப்படி நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பது. இன்னொன்று, உடம்பைத் தளர்த்தப் பழக்குவது. இன்றைக்கும் எந்தக் கர்ப்பகால யோகா கோர்ஸிலும் இதே வாதம் வேறு வார்த்தைகளில் வரும். டிக்-ரீட்டின் மற்ற கருத்துகள் எல்லாம் இவ்வளவு இனிமையானவை அல்ல. பெண் பிறந்ததே தாயாவதற்குத்தான் என்று நம்பியவர். அதைக் கோர்ஸ்களில் சொல்வதில்லை.

இந்த இடத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பெண்மணியைச் சொல்லியாக வேண்டும். கேத்லீன் வாகன். காஷ்மீரில் பெண்கள் மருத்துவமனையில் வேலை பார்த்த ஆங்கிலேய டாக்டர். அங்கே அவர் இரண்டு வகைப் பெண்களைப் பார்த்தார். பர்தா முறையில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த வசதியான குடும்பத்துப் பெண்கள் ஒரு வகை. படகிலேயே வாழ்ந்து, துடுப்புப் போட்டு, வெயிலில் வேலை செய்த படகோட்டிக் குடும்பத்துப் பெண்கள் இன்னொரு வகை. முதல் வகையினருக்கு வெயில் படாததால் எலும்பு மிருதுவாகி, இடுப்பெலும்பு கோணிப் போய், பிரசவம் உயிருக்கே ஆபத்தாக முடிந்தது. படகுப் பெண்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. வாகன் இதை 1928இல் எழுதினார். இங்கிலாந்து திரும்பிய பிறகு 1937இல் பாதுகாப்பான பிரசவம் பற்றி எழுதிய புத்தகத்தில், குந்தி உட்காருவது, தையற்காரர் போல சம்மணம் போட்டு உட்காருவது, இடுப்பு மூட்டுகளை இளக்கும் அசைவுகள் ஆகியவற்றை இங்கிலாந்துப் பெண்களுக்குப் பரிந்துரைத்தார்.

அதே காலத்தில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் மின்னி ராண்டெல் என்ற பிசியோதெரபிஸ்ட் கர்ப்பிணிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்து வந்தார். நடனக் கலைஞர் மார்கரெட் மோரிஸுடன் சேர்ந்து 1936இல் அவர் ஒரு புத்தகமும் போட்டார். இந்தப் பயிற்சிகளைப் பார்க்கும் எந்த யோகா மாணவரும் சிரித்துவிடுவார். பாதங்களைச் சேர்த்து வைத்து முட்டியை விரித்து உட்காருவது பத்த கோணாசனம். குந்தி உட்காருவது மாலாசனம். கைகால் ஊன்றி முதுகை வளைத்து நிமிர்த்துவது பூனை ஆசனம். பெயர் மட்டும் இல்லை. நம்ம ஊரில் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் முன்னால் தினமும் நடந்த காரியத்தை லண்டனில் அட்டவணை போட்டுச் செய்தார்கள்.

அடுத்து ரஷ்யா வழியாகப் பாரிஸ். பாவ்லோவின் நாய்ப் பரிசோதனை பள்ளிப் புத்தகத்திலேயே வரும். அந்தக் கொள்கையை வைத்து, வலிக்குப் பதில் வேறு எதிர்வினையைப் பழக்கலாம் என்று சோவியத் மருத்துவர்கள் ஒரு முறையை உருவாக்கினார்கள். 1951இல் அங்கே போய்ப் பார்த்த பிரெஞ்சு டாக்டர் ஃபெர்னான் லமாஸ், பாரிஸில் உலோகத் தொழிலாளர் சங்கத்தின் மருத்துவமனையில் அதைத் தொடங்கினார். கம்யூனிஸ்ட் சரக்கு என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் 1956இல் போப் பன்னிரண்டாம் பயஸே, இந்த முறையில் மதத்துக்கு விரோதமாக எதுவும் இல்லை என்று பேசிவிட்டார். லமாஸ் முறையில் மூச்சு முக்கியம். வலி ஏற ஏற நாய் இரைப்பது போல வேகமாக, மேலோட்டமாக மூச்சு விட வேண்டும். பிற்காலத்தில் யோகா டீச்சர்கள் இதோடு ஒத்துப் போகவில்லை. வேகமாக இரைத்தால் தலை சுற்றும், விரல் மரத்துப் போகும். அதற்குப் பதில் மூச்சை மெல்ல நீளமாக வெளியே விடப் பழக்கினார்கள். யோகா தன் சொந்தப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது என்று உறுதியாகச் சொல்லக் கூடியது இதுதான். லமாஸ் பெயரில் நடக்கும் அமெரிக்க அமைப்பும் ஒரே மாதிரி மூச்சு என்ற கட்டாயத்தைப் பிறகு தளர்த்திக் கொண்டது.

ஆனால் லமாஸைவிட, அவருக்குப் பின்னால் வந்த பெண்கள்தான் இந்தக் கதைக்கு முக்கியம். 1956இல் இங்கிலாந்தில் புரூனெல்லா பிரையன்ஸ் என்ற பெண், தன் சொந்தப் பிரசவ அனுபவங்களால் நொந்து போய், டிக்-ரீட் முறையைப் பரப்ப ஒரு சங்கம் தொடங்கப் போவதாகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். இன்று என்.சி.டி. என்று அழைக்கப்படும் அமைப்பின் ஆரம்பம் அதுதான். அமெரிக்காவில், பாரிஸில் லமாஸிடம் பிரசவம் பார்த்துக் கொண்ட மார்ஜரி கார்மெல் தன் அனுபவத்தை 1959இல் புத்தகமாக எழுதினார். அவரும் பெர்லினில் பிறந்த பிசியோதெரபிஸ்ட் எலிசபெத் பிங்கும் சேர்ந்து 1960இல் லமாஸ் முறைக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். இந்தச் சங்கங்கள் ஒரு புது ஆளை உருவாக்கின. டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, மருத்துவச்சியும் இல்லை. தானும் பிள்ளை பெற்ற ஒரு சாதாரணப் பெண், பயிற்சி எடுத்து, தன் வீட்டு ஹாலில் மற்ற கர்ப்பிணிகளுக்கு வகுப்பு எடுப்பது. கர்ப்பகால யோகா ஆசிரியரின் நேரடி முன்னோடி இவர்தான், யோக குரு அல்ல.

யோகா பக்கமும் ஆசிரியர் பயிற்சி என்பதே அப்போதுதான் மாறிக் கொண்டிருந்தது. குருவோடு வருடக்கணக்கில் இருந்து கற்பது போய், 1969இல் சுவாமி விஷ்ணுதேவானந்தா நான்கு வார ஆசிரியர் பயிற்சியைத் தொடங்கினார். கோர்ஸ், சர்ட்டிபிகேட், வீட்டுக்குப் போய் வகுப்பு. இந்த இரண்டு ஓடைகளும் எங்கேயாவது சேர்ந்துதானே ஆக வேண்டும்?

சேர்ந்த இடம் லண்டன். தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஜேனட் பலாஸ்காஸ் பிரசவ வகுப்பு எடுத்துக் கொண்டிருந்தவர், யோகாவும் பழகியவர். மல்லாக்கப் படுத்துப் பிள்ளை பெறுவது டாக்டருக்கு வசதி, தாய்க்கு அல்ல. நிற்கவும் குந்தவும் மண்டி போடவும் விட்டால் புவியீர்ப்பே உதவி செய்யும் என்பது அவர் வாதம். அதற்கான தெம்பும் நெகிழ்வும் வர, கர்ப்பம் முழுக்க யோகா செய்ய வைத்தார். ராயல் ஃப்ரீ மருத்துவமனை இப்படி நிமிர்ந்த நிலையில் பிரசவிப்பதைத் தடுத்தபோது, 1982 ஏப்ரலில் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். தாய்மார்கள், கைக்குழந்தைகள், மருத்துவச்சிகள்... பிரசவத்தில் எந்த நிலையில் இருப்பது என்ற உரிமைக்காக ஒரு ஊர்வலம்! அடுத்த வருடம் அவர் புத்தகம் வந்தது. அதன் பின் அவர் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்.

அதே 1983இல்தான் புனேயிலிருந்து கீதா ஐயங்காரின் பெண்களுக்கான யோகா புத்தகமும் ஆங்கிலத்தில் வந்தது. பி.கே.எஸ். ஐயங்காரின் மகள். மாதவிடாய், கர்ப்பம், பிரசவத்துக்குப் பின் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் எந்த ஆசனம், எந்த நாற்காலி, எந்தத் தலையணை என்று பிரித்து எழுதியிருப்பார். அவருடைய வழியில் குறுக்குப் பாதை கிடையாது. முதலில் பல வருடம் மாணவராக இருக்க வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம். லண்டன் வழி ஊர்வலத்திலிருந்து வந்தது. புனே வழி குருகுலத்திலிருந்து. இன்றைய கோர்ஸ்களில் இரண்டும் கலந்திருக்கிறது. ஆனால் கால அளவு மட்டும் புனேயிலிருந்து வரவில்லை.

சரி, அந்த 85 மணி நேரத்தில் என்னதான் படிக்கிறார்கள்? முக்கியமாக, எதைச் செய்யக் கூடாது என்பதை. மூச்சை உள்ளே அடக்கி நிறுத்தும் கும்பகம் வேண்டாம், கபாலபாதி, பஸ்திரிகா வேண்டாம், குப்புறப் படுக்கும் ஆசனங்கள் வேண்டாம், வயிற்றை நசுக்கும் முறுக்கல் வேண்டாம், சூடேற்றிய அறையில் யோகா வேண்டாம். கர்ப்ப காலத்தில் மூட்டு இணைப்புகள் தளர்வதால், வளைகிறதே என்று எல்லை தாண்டி வளைத்தால் இடுப்பெலும்பில் வலி வந்து சேரும். நன்றாக வளையும் மாணவிதான் இங்கே அதிகக் கவனம் தேவைப்படுபவர். சாதாரண யோகா வகுப்புக்கு இது தலைகீழ்.

சவாசனத்தையே எடுத்துக் கொள்வோம். மல்லாக்கப் படுத்தால் கனத்த கர்ப்பப்பை முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக் குழாயை அழுத்தி, சில பெண்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரும். மருத்துவ இதழில் 1953இல் இது விவரமாக எழுதப்பட்டது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 1985இல் வெளியிட்ட உடற்பயிற்சி விதிகளில், நான்காம் மாதத்துக்குப் பிறகு மல்லாக்கப் படுத்து உடற்பயிற்சி கூடாது, நாடித் துடிப்பு 140ஐத் தாண்டக் கூடாது, கடுமையான பயிற்சி 15 நிமிடத்துக்கு மேல் கூடாது, மூச்சை அடக்கி முக்கக் கூடாது என்றெல்லாம் இருந்தது. யோகா வகுப்பில் கர்ப்பிணிகள் இடது பக்கம் சாய்ந்து படுத்துச் சவாசனம் செய்வது இந்த வழியில் வந்த வழக்கம். நாடித் துடிப்புக் கட்டுப்பாட்டை அதே சங்கம் 1994இல் எடுத்துவிட்டது. 2002இல், சிக்கல் இல்லாத கர்ப்பிணிகள் பெரும்பாலான நாட்களில் அரை மணி நேரமாவது உடற்பயிற்சி செய்யலாம் என்றே சொல்லிவிட்டது. பதினேழு வருடத்தில் "ஜாக்கிரதை"யிலிருந்து "தாராளமாகச் செய்" வரை! இதைத் தொடர்ந்து படிக்காத ஆசிரியர் பழைய பயத்தையே சொல்லிக் கொடுத்துக் கொண்டிருப்பார்.

2015இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு பரிசோதனை செய்தார்கள். 35 வாரம் தாண்டிய ஆரோக்கியமான 25 கர்ப்பிணிகளை 26 ஆசனங்கள் செய்ய வைத்து, தாயின் ரத்த அழுத்தத்தையும் குழந்தையின் இதயத் துடிப்பையும் கவனித்தார்கள். கோர்ஸ்களில் கூடாது என்று சொல்லப்பட்டு வந்த சவாசனம், அதோமுக சுவானாசனம் முதலியனவும் அதில் அடக்கம். யாருக்கும் கெடுதல் எதுவும் தெரியவில்லை. 25 பேர்தான், அதுவும் சிக்கல் இல்லாதவர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் தடைப் பட்டியலில் எத்தனை உண்மையான ஆபத்து, எத்தனை வெறும் முன்னெச்சரிக்கை என்ற கேள்வி எழுந்துவிட்டது. இதற்குப் பத்து வருடம் முன்பே, 2005இல், பெங்களூரில் 335 கர்ப்பிணிகளை வைத்து ஒரு ஆய்வு வெளியானது. ஒரு பிரிவு தினம் ஒரு மணி நேரம் யோகா, இன்னொரு பிரிவு அரை மணி நேரமாக இரண்டு வேளை நடை. யோகா பிரிவில் 2.5 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள குழந்தைகள் அதிகம் பிறந்தன. சீட்டுக் குலுக்கிப் பிரிக்காத ஆய்வு என்பதால் இதையே முடிந்த முடிவு என்று எடுத்துக் கொள்ள முடியாது.

யோகா அலையன்ஸ் தொடங்கியது 1999இல். அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு ஸ்டூடியோ முளைத்தபோது, யார் ஆசிரியர் என்று சொல்ல ஒரு அளவுகோல் வேண்டியிருந்தது. தரத்தை அளப்பது கஷ்டம், மணி நேரத்தை எண்ணுவது சுலபம். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அதன் அளவு புரியும். இந்தியாவில் 2018இல் வந்த வழிகாட்டுதலின்படி, ஏற்கனவே நர்ஸாக இருக்கும் ஒருவர் தேர்ச்சி பெற்ற மருத்துவச்சி ஆவதற்கு 18 மாதப் பயிற்சி. இங்கிலாந்தில் நேரடியாக மருத்துவச்சி படிக்க மூன்று வருடப் பட்டம். யோகா ஆசிரியர் பிரசவம் பார்ப்பதில்லை, அதனால் நேர் ஒப்பீடு நியாயமில்லைதான். ஆனால் மாதம் ஒரு தடவை சில நிமிடம் பார்க்கும் டாக்டரைவிட, வாரம் இரண்டு தடவை ஒரு மணி நேரம் பார்க்கும் யோகா டீச்சரிடம்தான் பல பெண்கள் மனம் விட்டுப் பேசுவார்கள். ரெண்டு நாளா தலைவலி, கண் மங்கலா இருக்கு, கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருக்கு, குழந்தை அசைவு குறைஞ்ச மாதிரி இருக்கு... இதைக் கேட்டவுடன் பாயைச் சுருட்டச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்தவர்தான் ஆசிரியர். நல்ல கோர்ஸ்களில் இதற்குத் தனிப் பாடம் உண்டு. சிலவற்றில் சக்கரங்களுக்கும் ஒளிவட்டத்துக்கும் போகும் நேரம் இதற்குப் போவதில்லை. 2020இல் கொரோனா வந்தபோது ஆன்லைனிலேயே நடத்த அனுமதி கிடைத்தது. ஒரு நிஜ கர்ப்பிணியைக் கூடத் தொட்டுப் பார்க்காமல் சான்றிதழ் வாங்கும் வழியும் அதோடு திறந்தது.

நம் நாட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. 2017இல் மத்திய ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் வரும் யோகா, இயற்கை மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் தாய் சேய் நலக் கையேடு ஒன்று பெரிய சர்ச்சையானது. கர்ப்பிணிகள் முட்டை, அசைவம் தவிர்க்க வேண்டும், ஆசை கோபம் காமம் விலக்க வேண்டும், அறையில் அழகான படங்கள் மாட்ட வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. டாக்டர்கள் கொதித்தார்கள். காரணம் எளிது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஐந்து பேர். அவர்களுக்கு இரும்புச் சத்து மாத்திரையும் முட்டையும் தேவைப்படும்போது, வேண்டாம் என்று பயிற்சி பெற்ற ஒருவரே சொன்னால்?

வாகன் டாக்டர் காஷ்மீரில் பார்த்த பெண்களுக்கும் குறைந்து போயிருந்தது சத்துதான், வெயிலிலிருந்து கிடைக்க வேண்டிய சத்து. அவர் ஆசனம் மட்டும் சொல்லித் தரவில்லை. வெளியே வெயிலுக்கு வரச் சொன்னார், சாப்பிடச் சொன்னார். இன்று ஒரு கர்ப்பிணி முதல் நாள் வகுப்புக்கு வந்ததும், எத்தனையாவது வாரம், இதற்கு முன் கரு கலைந்ததா, நஞ்சுக்கொடி கீழே இருக்கிறதா, டாக்டர் என்ன சொன்னார் என்று ஆசிரியர் ஒரு படிவத்தில் எழுதி வாங்குவார். அந்தப் படிவத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்ற கேள்வியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேரலாம்.